லோன் பார்ட்டியா, கேஷ் பார்ட்டியா?

மறுவிற்பனை வீட்டுக்கு விலை பேசப் போகிறீர்களா? விற்பவர் என்ன கணக்குப் போடுகிறார் என்று முதலில் பாருங்கள்.

சென்னையில் ஒரு வீட்டுப் புரோக்கருக்குப் போன் போட்டுப் பாருங்கள். எந்த ஏரியா, எத்தனை பெட்ரூம், கிழக்கு வாசலா வடக்கு வாசலா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி இன்னொன்று கேட்பார்: “சார், நீங்க லோன் பார்ட்டியா, கேஷ் பார்ட்டியா?”

முகம் தெரியாத ஒருவர் நம் பாக்கெட்டுக்குள் கைவிடுவதுபோல இருக்கும். ஆனால் அவர் இதை விற்பவருக்காகக் கேட்கிறார். விற்பனைக்கு வந்த ஒரு வீட்டைப் பத்துப் பேர் வந்து பார்ப்பார்கள். அதில் நாலு பேர் விலை கேட்பார்கள். “வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்” என்று போகிறவர்கள் போனவர்கள்தான். ஒருவர் டோக்கன் கொடுத்துவிட்டு, லோன் கிடைக்காமல் மூன்று மாதம் இழுத்தடித்து, கடைசியில் டோக்கனைத் திருப்பிக் கேட்பார். அந்த மூன்று மாதத்தில் வந்த நல்ல பார்ட்டிகளெல்லாம் வேறு வீடு பார்த்திருப்பார்கள். இந்தச் சலிப்பு ஏறிய பிறகுதான் பெரும்பாலான விற்பனையாளர்கள் நம் எதிரில் வந்து உட்காருகிறார்கள்.

நாமோ எவ்வளவு குறைக்கலாம் என்ற ஒரே கணக்கோடு போகிறோம். அவர் மனதில் ஓடுவது வேறு. இந்த ஆள் சொன்ன தேதியில், சொன்ன பணத்தோடு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வருவாரா? இதற்கு நம்பும்படியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருக்கு, இரண்டு மூன்று லட்சம் குறைத்துக் கேட்டாலும் வீடு படிகிறது. வெறும் விலையோடு வருகிறவருக்கு, கூடக் கேட்டாலும் படியாமல் போகிறது.

நங்கநல்லூரில் ஒரு சிட்டிங்

தெரிந்த குடும்பம் ஒன்றுக்காக நங்கநல்லூரில் ஒரு ஃபிளாட் பேச்சுவார்த்தையில் உடன் உட்கார்ந்திருந்தேன். “உக்காந்து பேசிக்கலாம்” என்று புரோக்கர்கள் சொல்வார்களே, அந்த உட்காரல். பத்தொன்பது வருடப் பழைய கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஓய்வுபெற்ற தம்பதி விற்கிறார்கள். மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சொன்ன விலை ₹1.10 கோடி.

எங்களுக்கு முன்பே ஒரு பார்ட்டி ₹1.05 கோடிக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கள் ஆள் மனதில் இருந்தது ஒரு கோடி, அதற்கு மேல் இரண்டு லட்சம். சாதாரணமாக இது முடியாத பேரம். புரோக்கர் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 105 என்று எழுதி, எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, காபியை ஆற்றத் தொடங்கினார்.

எங்கள் ஆள் விலை சொல்லவில்லை. பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்தார். வங்கி ஏற்கெனவே கொடுத்திருந்த கடன் ஒப்புதல் கடிதத்தின் நகல் அதோடு பின் செய்யப்பட்டிருந்தது. தாளில் ஆறேழு வரிகள்: வக்கீல் பத்திரங்களைப் பார்க்கப் பத்து நாள். பார்த்ததும் பத்து லட்சம் செக்கில் அட்வான்ஸ், அன்றே கிரய ஒப்பந்தம். ஒப்பந்தத்திலிருந்து 45 நாளில் கிரயம். தொகை முழுவதும் வங்கி வழியாக. ஒரு சதவீத வரிப் பிடித்தம் போக மீதி என்ன என்ற கணக்கு. கடைசி வரியில் விலை, ₹1.01 கோடி.

விற்பவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு அவர் மனைவி கேட்டதுதான் அன்றைய பேச்சின் திருப்பம்.

“பேத்தி எங்ககூட இருந்து படிக்கிறா தம்பி. பரீட்சை ஏப்ரல் கடைசியிலதான் முடியும். அதுக்கு முன்னாடி காலி பண்ணச் சொல்லிடுவீங்களோ?”

“மே முப்பத்தொண்ணு வரைக்கும் இருங்கம்மா. கிரயம் முன்னாடியே முடிஞ்சாலும் பரவாயில்ல. வாடகை வேண்டாம், கரன்ட் பில்லும் மெயின்டனன்ஸும் மட்டும் நீங்க கட்டிடுங்க. எழுதியே குடுத்துடறேன்.”

₹1.02 கோடிக்கு முடிந்தது. முதல் பார்ட்டி ₹1.05 கோடி சொன்னவர்தான். ஆனால் ஒரு லட்சம் டோக்கன், லோனுக்கு இனிமேல்தான் எழுதிப் போட வேண்டும், ரிஜிஸ்ட்ரேஷன் “ஒரு மூணு மாசத்துல பாத்துக்கலாம்”. அந்த மூன்று லட்சம் எப்போது கைக்கு வரும், வருமா என்பதே விற்பவருக்குத் தெரியவில்லை. இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்து எங்கள் ஆள் மிச்சம் பிடித்ததைக் கணக்குப் போட்டால், புரோக்கர் கமிஷன் போகவும் கையில் நின்றது.

இப்படி வீட்டைக் கொடுத்தவரை அங்கேயே தங்கவிடும்போது ஒரு எச்சரிக்கை. விலையில் ஒரு சிறு தொகையை நிறுத்திவைத்து, சாவி கைக்கு வரும் அன்று கொடுப்பதாக எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல மனிதர்களிடமும் எழுதித்தான் வாங்க வேண்டும்.

விலையை எங்கிருந்து எடுப்பது?

நம் ஊரில் பேரத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் குறை சொல்லத் தொடங்குவது. “ஹால் கொஞ்சம் இருட்டா இருக்கே”, “பாத்ரூம் பழைய மாடல்”, “வாஸ்துல ஈசானியம் வெட்டுப்படுதே”. இருபது வருடம் குடியிருந்த வீட்டை ஒருவர் எதிரிலேயே மட்டம் தட்டினால் அவர் விலையைக் குறைக்க மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அடுத்த போனையே எடுக்க மாட்டார். குறைத்துக் கேட்கலாம், தாராளமாக. அதற்கான காரணம் அவரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய காகிதத்தில் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதம் பெரும்பாலும் இலவசம். தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். புரோக்கர்கள் இ.சி. என்பது இதைத்தான். சொத்தில் அடமானம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே பலரும் இதைத் திறக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரில் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். அதே சர்வே எண்ணுக்குப் போட்டுப் பார்த்தால், அதே கட்டடத்தில் பக்கத்து ஃபிளாட் எப்போது, எவ்வளவுக்குப் பதிவானது என்பது தெரிந்துவிடும். பத்திரத்தில் குறைத்துக் காட்டுகிற பழக்கம் இருப்பதால் அந்த எண் முழு உண்மையாக இராது. ஆனாலும் எந்தத் திசையில் பேச வேண்டும் என்று அது காட்டும்.

விற்பவரைப் பற்றியும் அதே சான்று பேசும். அவர் எப்போது வாங்கினார், என்ன விலைக்கு, எந்த வங்கியில் பத்திரத்தை வைத்திருக்கிறார் எல்லாம் அதில் இருக்கிறது. நாலைந்து வருடம் முன்பு லோன் போட்டு வாங்கியவர் என்றால், அவருடைய முதல் கவலை அந்தக் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்பது. “உங்க பேங்குக்கு நேரா நாங்களே கட்டிடறோம், பாக்கிக் கணக்கும் பத்திரங்களோட லிஸ்டும் மட்டும் வாங்கிக் குடுங்க” என்று தொடங்கினால் அவர் நிமிர்ந்து உட்காருவார். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் விதி கொண்டுவந்தது. பத்திரம் எப்போது வரும் என்ற இழுபறி இதனால் ஓரளவு குறைந்திருக்கிறது.

ஃபிளாட் என்றால் இன்னொரு கணக்கு. விளம்பரத்தில் கொட்டையெழுத்தில் இருப்பது கட்டடத்தின் சதுர அடி. வருடம் ஏற ஏற மதிப்பு கூடுவது நிலம், அதாவது யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கு. கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். உதாரணத்துக்கு, 1,050 சதுர அடி ஃபிளாட், அதற்கு யு.டி.எஸ். 550 சதுர அடி. அந்தத் தெருவில் மனை சதுர அடி ₹14,000 என்றால் நிலத்துக்கு ₹77 லட்சம். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு ₹2,500 என்று வைத்தால் கட்டடம் ₹26 லட்சத்துச் சொச்சம். இருபது வருடத் தேய்மானத்துக்குப் பாதியைக் கழித்தால் ₹13 லட்சம். மொத்தம் ₹90 லட்சம். சொல்லும் விலை ₹1.10 கோடியாக இருந்தால், இடையில் இருக்கிற ₹20 லட்சம் ஏரியாவுக்கும், ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதற்கும், தண்ணீர் வசதிக்குமான விலை. பேசுவதற்கு இடம் இருப்பது அந்த இருபதுக்குள்தான். இந்தக் கணக்கை விற்பவரிடம் தாளில் போட்டுக் காட்டலாம். ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் நீங்கள் வாயில் வந்த விலையைச் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரியும்.

தனி வீடு விற்பவர் விஷயத்தில் உங்கள் போட்டியாளர் பெரும்பாலும் பில்டர். மாம்பலத்திலோ அடையாற்றிலோ ஒரு கிரவுண்டு பழைய வீடு வைத்திருப்பவரிடம் பில்டர் சொல்லும் தொகையை நம்மால் தொட முடியாது. ஆனால் அது இடித்து, பிளான் வாங்கி, கட்டி முடித்து, பாதி ஃபிளாட்டாகவும் பாதி பணமாகவும் வருவது. அதுவரை அவர் வாடகை வீட்டில் இருக்க வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு இரண்டு வருடக் காத்திருப்பு ஒரு செலவு. அந்தச் செலவைச் சுட்டிக்காட்டாமலே, “ஒரே நாளில் முழுப் பணம்” என்று சொன்னால் போதும்.

வங்கி என்ன சொல்கிறது?

லோன் பார்ட்டியாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதச் சம்பளக்காரர் வேறு எப்படி வாங்குவார்? லோன் பார்ட்டிகளில் தயாரானவர், தயாராகாதவர் என்று இரண்டு வகை இருக்கிறது. விற்பவர் பயப்படுவது இரண்டாவது வகைக்கு.

ரிசர்வ் வங்கி விதிப்படி ₹30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். ₹30 லட்சத்துக்கு மேல் ₹75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் போனால் 75 சதவீதம். ஒரு கோடி வீட்டுக்கு ₹75 லட்சம் கிடைக்கும் என்று எல்லோரும் போடும் கணக்கு இதுதான். இரண்டு இடத்தில் இடிக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ஒன்பது லட்சம் நம் கைப்பணம். வங்கி அதைக் கடனில் சேர்க்காது. இரண்டாவதாக, வங்கி தன் இன்ஜினீயரை அனுப்பி வீட்டை மதிப்பிடும். நாம் ஒரு கோடிக்குப் பேசிய பழைய ஃபிளாட்டை அவர் ₹85 லட்சம் என்று எழுதினால், 80 சதவீதக் கணக்கில் கடன் ₹68 லட்சமாக நின்றுவிடும். மீதி ₹32 லட்சம், பதிவுச் செலவு ஒன்பது, ஆக ₹41 லட்சம் சொந்தமாக வேண்டும். புரோக்கருக்கும் வக்கீலுக்கும் தனி. பேரம் முடிந்த பிறகு இந்தப் பள்ளத்தைப் பார்த்து விழிப்பவர்கள்தான் “ரெண்டு மாசம் டைம் குடுங்க சார்” என்று கேட்பவர்கள்.

அப்ரூவ்டு பிளானை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவதும் இதற்காகத்தான். இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று கட்டிய கட்டடங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. அந்த மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும்.

“லோன் கிடைக்கலைன்னா அட்வான்ஸைத் திருப்பித் தரணும்” என்ற நிபந்தனையை விற்பவர்கள் வெறுக்கிறார்கள். நியாயம்தான். வாங்குபவரின் சிபில் ஸ்கோர் குறைவாக இருந்தால் விற்பவர் ஏன் தண்டம் அழ வேண்டும்? நிபந்தனையைச் சுருக்குங்கள். சொத்தின் பத்திரத்திலோ பிளானிலோ குறை இருந்து வங்கி மறுத்தால் மட்டும் அட்வான்ஸ் திரும்ப வரும், என் வருமானத்தில் குறை என்றால் அது என் பாடு என்று எழுதினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். உங்கள் வருமானத்துக்கான ஒப்புதல் ஏற்கெனவே கையில் இருந்தால் இதில் உங்களுக்கு இழப்பும் இல்லை.

மூன்று கையெழுத்து, மூன்று செக்

அப்பா பெயரில் இருக்கிற வீடு. பேசுவது மூத்த அண்ணன். தம்பி பெங்களூரில், தங்கை திருச்சியில். “அவங்கெல்லாம் நான் சொன்னா சரின்னுடுவாங்க” என்று அண்ணன் சொன்னால், அந்த வார்த்தையை நம்பி டோக்கன் கொடுக்காதீர்கள். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தகப்பனாரின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு என்பது 1956-லிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. தங்கையின் கையெழுத்து இல்லாமல் அந்த வீடு முழுசாகக் கைமாறாது.

இதை வில்லங்கமாகப் பார்க்காமல் வாய்ப்பாகப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். கூட்டுச் சொத்து விற்பனை பெரும்பாலும் விலையில் நிற்பதில்லை. பணம் யார் கணக்கில் விழும், பிறகு அவர் பிரித்துத் தருவாரா என்ற சந்தேகத்தில்தான் நிற்கும். தங்கை அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். “கிரயம் அன்னிக்கு மூணு பேர் பேர்லயும் தனித்தனியா டிராஃப்ட் எடுத்துட்டு வந்துடறேன், அவங்கவங்க பங்கு அவங்கவங்க கையில” என்று மூவரும் இருக்கும்போது சொல்லிப் பாருங்கள். அதற்கு முன் திருச்சிக்கு ஒரு நடை போய்த் தங்கையைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று பயந்தால், அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

வாரிசுகளில் ஒருவர் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமையோடு இருந்தால் கணக்கு மாறுகிறது. உள்ளூர்வாசியிடம் ₹50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டினால் போதும். வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருப்பவரின் பங்குக்கு அந்தச் சலுகை இல்லை. பிடித்தம் பல மடங்கு, 12.5 சதவீதமும் அதற்கு மேல் செஸ் வகையறாவும். அவருக்கு உண்மையான லாபம் குறைவாக இருந்தால், குறைவாகப் பிடிக்கச் சொல்லி வருமான வரி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கலாம். அதற்குச் சில வாரங்கள் ஆகும். பல வாங்குபவர்கள் அந்தப் பொறுமை இல்லாமல் ஓடிவிடுவார்கள். “நீங்க சர்டிபிகேட் வாங்குங்க, நான் வெயிட் பண்றேன்” என்று சொல்பவரை அந்த அமெரிக்க மகன் மறக்க மாட்டார். அவர் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும் என்பதையும் நினைவுபடுத்திவிடுங்கள்.

வெள்ளையா, கறுப்பா?

“முழுக்க வொய்ட்டா?” இதையும் புரோக்கர் கேட்பார். ஒரு காலத்தில் பாதிக்குப் பாதி ரொக்கம் என்பது சர்வசாதாரணம். சொத்து விற்பனை தொடர்பாக ₹20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் சட்டம் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அதுவும் வாங்கியவருக்கு, அதாவது விற்பவருக்கு. இன்னமும் ரொக்கம் ஓடத்தான் செய்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் ஆசிரியரும் இன்று ரொக்க மூட்டையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

அவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டை விற்ற லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்கு. அப்படி வாங்கப் போகிறவருக்கு முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் வர வேண்டும். அவரே இன்னொரு இடத்தில் பார்ட்டியாக உட்கார்ந்து, அட்வான்ஸ் கொடுக்கக் காத்திருப்பார். உங்கள் அட்வான்ஸை ஐந்திலிருந்து பதினைந்து லட்சமாக உயர்த்தினால் அவருடைய பேரமும் அங்கே முடியும். விலையில் ஒரு பைசா கூட்டாமல் அவருக்குப் பெரிய உதவி செய்யலாம் என்றால் இதுதான். பெரிய அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தாய்ப்பத்திரம் முதல் பட்டா வரை வக்கீல் பார்த்து முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு சதவீதப் பிடித்தத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு கோடிக்கு விற்றவர் கிரய நாளில் ₹99 லட்சத்துக்கு டிராஃப்டைப் பார்த்து, “ஒரு லட்சம் எங்கய்யா?” என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் சத்தம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பணம் அவர் பான் எண்ணில்தான் போய்ச் சேர்கிறது என்று அங்கே நின்று விளக்கிப் பயனில்லை.

“நீங்க எந்த ஊரு?”

விற்பவருக்கு நம்மைப் பிடிக்க வேண்டும் என்பதில் ஒரு சங்கடமான பக்கம் இருக்கிறது. “நீங்க எந்த ஊரு? அப்பா என்ன பண்றார்? சைவம்தானே?” காபியோடு வரும் இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். சில விளம்பரங்களில் அது நேரடியாகவே அச்சாகிறது.

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள், விலையோடு சேர்த்து விற்பவருக்கு உருக்கமாக ஒரு கடிதம் எழுதுவது வழக்கம். குழந்தைகள் படம், நாய்க்குட்டி, உங்கள் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடக் கனவு காண்கிறோம் என்றெல்லாம் இருக்கும். அந்தக் கடிதம் வாங்குபவரின் இனத்தையும் மதத்தையும் காட்டிக்கொடுத்து, பாரபட்சத்துக்கு வழி செய்கிறது என்று ஓரிகன் மாநிலம் 2021-ல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. பேச்சுரிமையைக் காட்டி ஒரு நீதிபதி 2022-ல் அதை நிறுத்திவைத்தார். குறைந்தபட்சம் அங்கே தடுக்க ஒரு முயற்சியாவது நடந்தது. இங்கே குஜராத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பு சொன்னது. தனி மனிதர் தன் வீட்டை யாருக்கு விற்கிறார் என்பதில் தலையிட நம்மிடம் தெளிவான சட்டம் இல்லை.

அந்தக் கேள்வி வரும்போது பொய் சொல்லியோ பெயர்களை உதிர்த்தோ வீட்டை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தெருவில்தானே நாளைக்குக் குடியிருக்க வேண்டும்? பேச்சைப் பணத்துக்கும் தேதிக்கும் திருப்புங்கள். திரும்பாவிட்டால் வேறு வீடு பாருங்கள்.

ஆடியில் பேசு, ஆவணியில் பதிவு செய்

ஆடியிலும் மார்கழியிலும் நம்மூரில் பத்திரப் பதிவு படுத்துவிடும். முகூர்த்த நாள்களில் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிற அளவுக்குக் கூட்டம் அலைமோதும். எனக்கு நாள் நட்சத்திரத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது, ஆனால் விற்பவருக்கு இருக்கும். ஆடி மாதம் வீடு பார்க்க வருகிறவர்கள் குறைவு. புரோக்கர் போனை முதல் ரிங்கிலேயே எடுப்பார். அந்த மாதத்தில் உட்கார்ந்து நிதானமாக விலை பேசி, வக்கீல் வேலையை முடித்து, ஆவணியில் முதல் நல்ல நாளில் கிரயம் என்று சொல்பவருக்குப் போட்டியும் இருக்காது. ஆடி பிறப்பதற்கு நாலு நாள் முன்பு டோக்கன் கொடுக்க ஓடுகிறவர், விற்பவர் கேட்ட விலைக்கே தலையாட்டுவார்.

விலை படிந்ததும் வெற்றிலை பாக்கோடு ₹10,001 கைமாறும். அந்த ஒரு ரூபாய் சம்பிரதாயத்துக்கு. சட்டத்தின் கண்ணில் அதற்குப் பெரிய பலமில்லை. ஒரு வாரம் கழித்து போன் வரலாம்: “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வேற பார்ட்டி அஞ்சு லட்சம் சேத்துத் தர்றேங்கிறாங்க.”

இங்கே கோபப்பட்டு ஏலத்தில் இறங்கினால் அந்த ஐந்து அடுத்த வாரம் எட்டாகும். டோக்கனுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் இருக்கும் நாள்களை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குவதுதான் இதற்கு மருந்து. வக்கீலை டோக்கனுக்கு முன்பே பிடித்துவைத்திருந்தால் பத்து நாள் ஐந்தாகும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். செலவைக் காரணம் காட்டி வெற்றுத் தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். ஐந்து லட்சம் சேர்த்துத் தருகிற அந்த இன்னொரு பார்ட்டியின் வக்கீல் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒப்பந்தத்தை வைத்து வீடு நம்முடையதாகிவிடாது. 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பவர் பின்வாங்கினால், ஒப்பந்தப்படி விற்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை மட்டும் வரும். குறித்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமை வலுப்பெற்றிருக்கிறது. ஆனால் நாம் எப்போதும் பணத்தோடு தயாராக இருந்தோம் என்று காட்டியாக வேண்டும். வாய்தா கேட்டவர் நாமாக இருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். வங்கி ஒப்புதல் கடிதத்துக்கும் காலக்கெடு உண்டு, தேதி முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கிரயத் தேதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பணம் தயார், எந்த நாளில் பதிவுக்கு டோக்கன் போடலாம் என்று விற்பவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி, அதன் நகலை ஃபைலில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி, அவர் பதில் போட்டாரா என்று பாருங்கள்.